பிரேக் அடிக்கப் போறேன்

கல்யாணம் முடிந்து என்னைக் குடிவைக்க வந்த அம்மா, பெங்களூர் வீட்டின் உள்ளறைக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு, பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"என்னடி, மாப்ள சலூன் வேலையும் பாக்குறாரா?"

நான் போய் எட்டிப் பார்த்தேன். அம்மா சொன்னதில் தப்பில்லை. அறையின் நடுவில் ஒரு கறுப்பு நாற்காலி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி அலுமினியச் சட்டங்கள் கட்டில் போலவும் இல்லாமல் ஏணி போலவும் இல்லாமல் நீண்டு கிடந்தன. முன்னால் ஒரு ஸ்டீயரிங், அதற்கு மேல் ஒரு பெரிய மானிட்டர், கீழே மூன்று பெடல்கள். தரையெல்லாம் ஒயர். முடி வெட்டுகிற இடம் என்று அம்மாவும், பல் பிடுங்குகிற இடம் என்று நானும் நினைத்தோம்.

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு விளக்கினார். "கார் ரேஸ் அத்தை. கம்ப்யூட்டர்ல ஓட்றது. நெஜ வண்டி மாதிரியே இருக்கும்."

"ஓ" என்றாள் அம்மா. அதற்கு மேல் மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் பஸ் ஏறும்போதுதான் என் காதில் சொன்னாள்: "கொஞ்சம் மறை கழண்டவரா இருப்பாரோன்னு இருக்குடி. ஆனா மொகம் நல்ல மொகம்."

எனக்கு மதுரைப் பக்கம். அவர் பிறந்து வளர்ந்தது பெங்களூர் மர்பி டவுனில். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிற குடும்பம். வீட்டில் தமிழும் வாசலில் கன்னடமுமாக வளர்ந்தவர். அந்தச் சின்ன வீட்டில் அண்ணன் குடும்பமும் இருந்ததால், கல்யாணத்துக்கு முன்பே அடுகோடிப் பகுதியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து வந்துவிட்டார். பையனைத் தனியாகப் பிரித்தது புதுப்பெண் என்று யாராவது சொல்லிவிடக் கூடாதென்று, என் மாமியார் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: "அவ ஒண்ணும் பண்ணலை. அந்தச் சேருதான் அவனக் கூட்டிக்கினு போச்சு."

கல்யாணத்துக்கு முன் ஃபோனில் பேசிய நாட்களில் கார் ரேஸ் விளையாடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான் கைப்பேசியில் விளையாடுவது என்று நினைத்துக்கொண்டு "சரி" என்றேன்.

முதல் சில வாரங்கள் நாங்கள் இரண்டு விருந்தாளிகள் ஒரே வீட்டில் தங்கியிருப்பது போலத்தான் இருந்தோம். "சாப்டீங்களா?" "சாப்டேன். நீங்க?" "நானும் சாப்டேன்." அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும். அவர் ஓசூர் ரோடு பக்கம் ஒரு அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிற வேலைக்குப் போவார். எனக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை. எங்கோ தூரதேசத்தில் யாருக்கோ வந்த வியாதியைப் படித்துப் பார்த்து, அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். பகல் முழுக்க அடுத்த கட்டடத்து லேத் பட்டறையின் சத்தமும் நானும்தான். சாயங்காலம் அவர் வந்து காபி குடித்துவிட்டு, என்னிடம் அனுமதி கேட்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போவார். சற்று நேரத்தில் கார் உறுமும். பின்னாலேயே ஏதோ ஒன்று கழன்று விழும் சத்தமும் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, ஒரு நிமிஷம் வர்றீங்களா? இந்த மானிட்டரைச் சொல்ப தாங்கிப் பிடிக்கணும்."

'சொல்ப' என்றால் கொஞ்சம் என்று அதற்குள் தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய சொல்பத்துக்கு அளவே இல்லை. கை கடுக்கிற வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மானிட்டருக்குப் பின்னால் ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"நட்டு உள்ள வழுக்கிக்கினு போச்சு. என் வெரல் போகமாட்டேங்குது."

மானிட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் குனிந்து பார்த்தேன். அந்த அலுமினியச் சட்டம் ஒவ்வொன்றிலும் நெடுக வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடுகிறது. நட்டு அதற்குள் எங்கோ உருண்டுபோய் மூலையில் சிக்கியிருந்தது. என் சுண்டுவிரலை உள்ளே விட்டு மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தேன். நட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தது போல வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவர் என்னிடம் நீளமாகப் பேசினார். பேசியது முழுக்க அந்த நட்டைப் பற்றி. நட்டைப் பள்ளத்துக்குள் படுக்கப் போட வேண்டும். போல்ட்டை முடுக்கும்போது அது தானாகக் குறுக்கே திரும்பி, பள்ளத்தின் இரண்டு ஓரங்களையும் உள்ளிருந்து கவ்வ வேண்டும். திரும்பாமல் நீளவாக்கிலேயே நின்றுவிட்டால், இறுகியது போலத்தான் இருக்கும். ஆனால் பிடித்திருக்காது.

"திரும்பிருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"போல்ட் முனைல சின்னதா ஒரு கோடு வெட்டியிருக்கு பாருங்க. அது சட்டத்துக்குக் குறுக்க நிக்கணும். நேரா நின்னா அவ்வளவுதான்."

பகலெல்லாம் சின்ன எழுத்தைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. சும்மா ஸ்டீயரிங் பக்கம் குனிந்தேன். ஒரு கோடு நேராக நின்றது. "இது?" என்றேன். அவர் குனிந்து பார்த்து "அய்யோ" என்றார். சீட்டுக்குக் கீழே இன்னொன்று. "அப்ப இது?" "அய்யய்யோ." மத்தியானம் முழுவதும் நான் கோடு பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தார். நடுநடுவே அவர் சின்ன வயதில் அல்சூர் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டி விழுந்த கதை, என் கல்லூரி விடுதியின் சாம்பார்க் கதை எல்லாம் வந்தன. சாயங்காலம் இரண்டு பேர் கையும் கறுப்பாக இருந்தது. வாஷ்பேசினில் சேர்ந்து கை கழுவினோம்.

அதற்குப் பிறகு அந்த அறை எனக்கும் கொஞ்சம் சொந்தமானது.

அவருக்கு ஒரு பழக்கம். இருப்பதை ஓட்டித் தீர்ப்பதற்கு முன்னால் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். கியர் தனியாக வந்தது. அதைத் தாங்குகிற தகடு வலது கைப்பக்கத்துக்கென்று செய்தது. நம் ஊர் வண்டியில் கியர் இடது கையில்தானே இருக்கும், இதிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தகட்டைத் திருப்பிப் போட்டார். அது முழங்காலில் இடித்தது. முழங்காலை ஒதுக்கி ஓட்டப் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, கடைசியில் தகட்டை வெளிப்பக்கமாக நகர்த்தினார். ஹேண்ட்பிரேக் வந்த வாரம், நான் முன்னறையில் வேலையில் இருக்கும்போது "அய்யோ" என்று சத்தம் கேட்டு ஓடினேன். அவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஹேண்ட்பிரேக் அடித்தட்டோடு பெயர்ந்து, பிடுங்கின முள்ளங்கி மாதிரி அவர் கையில் இருந்தது. திரையில் கார் தலைகீழாகக் கிடந்தது.

"வாஷர் போட்டீங்களா?"

"போடலை."

"ஏன்?"

"அவசரம்" என்றார். அவ்வளவு உண்மையான பதிலுக்கு மேல் என்ன கேட்பது?

நானாகக் கேட்டு மாட்டவைத்த பொருள் ஒன்றுதான், காபி டம்ளர் தாங்கி. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓட்டுவார். ஒயர்களுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தாலே ஓடிப்போய் எடுத்துவிடுவேன். சைக்கிளில் தண்ணீர் பாட்டில் வைக்கிற கம்பிக்கூடு ஒன்றை வாங்கிவந்து, ஒயர் எதுவும் இல்லாத இடதுபக்கச் சட்டத்தில் தாழ்வாக மாட்டினார். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் அதற்குள் லொடலொடவென்று ஆடியது. என் துணி ஹேர்பேண்ட் ஒன்றைக் கம்பியில் சுற்றிவிட்டேன். டம்ளர் கப்பென்று உட்கார்ந்தது.

பிறகு ஷேக்கர் வந்தது. சீட்டின் அடியில் மாட்டினால், கார் கல்லில் ஏறும்போதும் கியர் மாறும்போதும் முதுகு அதிரும்படி உறுமுகிற சின்னக் கருவி அது. மாட்டிய மறுநாளே கீழ்வீட்டு ஓனர் அம்மா படியேறி வந்துவிட்டார். கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் முழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"ஏம்மா, மேல என்ன மிஷின் போட்டிருக்கீங்க? எங்க பீரோ மேல வெச்ச பித்தளைக் கொடம் எல்லாம் நடக்குதும்மா."

வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளறையிலிருந்து இவர் வெளியே வந்து கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். ஓனர் அம்மா அதைக் காதில் வாங்காமல் நேராக உள்ளறைக்குப் போய் நின்றார். "போடு, பார்க்கலாம்" என்றார். இவர் தயங்கிக்கொண்டே காரைக் கிளப்ப, அந்த அம்மா சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, ஆட்டோல போற மாதிரியே இருக்கே! நீ இதுக்குக் காசு குடுத்து வாங்குனியா? ரோட்டுல சும்மா கெடைக்குதேப்பா!"

ஆனாலும் குடம் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் பட்டறைக்காரரிடம் தடித்த ரப்பர் துண்டுகள் வாங்கிவந்தார். ஷேக்கருக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒன்று, சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்று என்று வைத்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே! நான் கீழ்வீட்டுக்குப் போய், பீரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஒரு கையைக் குடத்தின் மேலும் இன்னொரு கையில் ஃபோனையும் வைத்துக்கொண்டேன்.

"இப்ப?"

"ஆடுது."

"இப்ப?"

"கம்மியா ஆடுது."

"சொல்ப இருங்க... இப்ப?"

இருக்க இருக்க எனக்குக் கால் வலித்தது. ஓனர் அம்மா ஒரு தட்டில் சித்ரான்னம் கொண்டுவந்து, "எறங்கு, சாப்ட்டுக்கினே பாரு" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த அம்மா தன் கையைக் குடத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "நின்னுபோச்சு, சொல்லு அவனுக்கு" என்றார். நான் ஃபோனில் சொல்லும்போது வாய் நிறையச் சோறு. மேலே அவர் கத்திய சத்தம் ஃபோன் இல்லாமலே கேட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. அவர் கேட்பார், நான் வேண்டாம் என்பேன். ஒருநாள் வேலையில் மனது சோர்ந்துபோய் எழுந்தேன். யாரோ ஒரு சின்னக் குழந்தையின் கோப்பு. எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் அது மண்டைக்குள்ளேயே நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "வாங்க, சும்மா ஒரு ரவுண்டு" என்றார்.

உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. அவர் நெட்டை, நான் அவர் தோளுக்குக் கீழே. முதுகுக்குத் தலையணை வைத்தார். பிரேக்கை மிதித்தால் பெடல் அசையாமல் நின்றது, தலையணைதான் அமுங்கியது. கார் நேராகச் சுவரில் போய் முட்டியது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் தரையில் படுத்து, பெடல்களைத் தாங்குகிற பலகையின் நான்கு போல்ட்டையும் கழற்றி, பலகையை என் பக்கம் இழுத்து மாட்டினார். அப்போது கால் எட்டியது.

ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனால் அந்த சீட்டில் இருக்கிறவரை அடுத்த வளைவு மட்டும்தான் கண்ணில் இருந்தது. வேறு எதுவும் இல்லை. இறங்கியபோது மனது கழுவிவிட்டது போல இருந்தது.

அன்றிலிருந்து அவர் ஓட்ட ஒரு தடவை, நான் ஓட்ட ஒரு தடவை என்று பலகை முன்னும் பின்னும் போய்வந்தது. ஒவ்வொரு முறையும் என் இடத்தைத் தேட வேண்டியிருந்ததால், நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சட்டத்தில் ஒட்டினேன். மறுபக்கச் சட்டத்துக்கு இன்னொன்று. பலகையின் ஓரம் பொட்டைத் தொட்டால் அது என் இடம். அவருடைய இடத்துக்கும் ஒரு ஜோடிப் பொட்டு ஒட்டச் சொன்னார். பச்சை நிறத்தில் ஒட்டினேன்.

அவருடைய அலுவலக நண்பர்கள் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பந்தயம் வைப்பார்கள். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து ஓட்டுவது. ஒருமுறை, ஒரு காருக்கு இரண்டு பேர், பாதித் தூரம் ஒருவர், மீதி இன்னொருவர் என்று முடிவு செய்தார்கள். இவரோடு ஓட்ட இருந்த நண்பருக்கு அந்த வாரம் காய்ச்சல். சனிக்கிழமை காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் இவர் வந்து நின்றார்.

"நீங்க ஓட்றீங்களா?"

"நானா? உங்க ஃபிரெண்ட்ஸ் கூடயா?"

"நீங்க யாரையும் இடிக்க மாட்டீங்க. நான்தான் இடிப்பேன்."

அதில் உண்மை இருந்தது. சரி என்றேன்.

ஒரே ஒரு சிக்கல். நடுவில் பெட்ரோல் போட வண்டி நிற்கும். அந்த நேரத்துக்குள் ஆள் மாற வேண்டும். நான்கு போல்ட்டைக் கழற்றிப் பலகையை நகர்த்தி மறுபடி மாட்டுவதற்குள் மற்றவர்கள் இரண்டு சுற்று போய்விடுவார்கள். அதனால் அவர் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, கையாலேயே திருகுகிற பிடி வைத்த போல்ட்டுகளைப் போட்டார். சாவி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். ஒரு திருகு திருகினால் தளர்ந்தது. இன்னொரு திருகில் இறுகியது. சனிக்கிழமை முழுக்க நாங்கள் ஆள் மாறிப் பழகினோம். அவர் வலதுபக்கம் குதித்து இறங்குவார். நான் இடதுபக்கமாக ஏறுவேன். அவர் தரையில் சரிந்து பலகையை என் பொட்டுக்குத் தள்ளி நான்கு பிடியையும் முறுக்குவார். முதல் தடவை இருவர் தலையும் மோதிக்கொண்டன. நாலைந்து தடவைக்குப் பிறகு நன்றாகவே வந்தது.

ஞாயிறு காலை பந்தயம் தொடங்கியது. நண்பர்களின் குரலெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே பேசுவது மைக் வழியாக அவர்களுக்கும் கேட்கும். அவர் முதலில் ஓட்டினார். நன்றாக முன்னேறினார், ஒருவரை இடித்தார், திட்டு வாங்கினார், பின்தங்கினார். மறுபடி முன்னேறினார். வண்டி நின்றது. குதித்தார், ஏறினேன், பலகை நகர்ந்தது, பிடிகள் இறுகின. "போங்க!" என்றார். போனேன்.

இரண்டு சுற்று ஒரு குறையும் இல்லை. மூன்றாவதில், நீளமான நேர்ச் சாலை முடிகிற வளைவில் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். பெடல் என் காலை விட்டு விலகிப் போனது. ஒரு கணம் என் கால்தான் குட்டையாகிவிட்டது என்று நினைத்தேன். கார் புல்லுக்குள் இறங்கி உருண்டோடியது.

"என்னங்க, பெடல் ஓடுது!"

அவர் பாய்ந்து வந்து பார்த்தார். பலகை பொட்டைத் தாண்டி முன்னால் போயிருந்தது. இழுத்து வைத்துப் பிடிகளை முறுக்கினார். அடுத்த வளைவில் மறுபடியும் நழுவியது. இந்த முறை முறுக்கும்போது ஒரு பிடி சுற்றிக்கொண்டே இருந்தது. "மறை போயிடுச்சு" என்றார். அந்த பிரேக் நிஜ வண்டியில் இருப்பதைவிடக் கெட்டி. முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். அவ்வளவு அழுத்தத்தைக் கையால் முறுக்கியது எங்கே தாங்கும்?

"நிப்பாட்டிரலாமா?" என்றேன்.

அவர் மானிட்டருக்கு அடியில் தவழ்ந்து போனார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் பலகையின் மறுபக்கத்தில் பதித்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய முழங்கால்கள் மட்டும்தான்.

"ஓட்டுங்க. பிரேக் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு அடிங்க."

வளைவு வந்தது. "பிரேக் அடிக்கப் போறேன்!"

"ஹும்!" என்று கீழிருந்து ஒரு முக்கல். பலகை நின்றது. கார் திரும்பியது.

"பிரேக் அடிக்கப் போறேன்!"

"ஹும்!"

அந்தப் பாதையில் எத்தனை வளைவு இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒவ்வொன்றுக்கும் நான் கத்தினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முக்கினார். ஸ்பீக்கரில் பேச்சு நின்றுபோயிருந்தது. பிறகு ஒரு நண்பர் மெதுவாகக் கேட்டார்: "அங்க என்னப்பா நடக்குது?" கீழிருந்து இவர், "ஒண்ணும் இல்ல, பிடிச்சிக்கினு இருக்கேன்" என்றார். அதைக் கேட்டு அவர்கள் என்ன நினைத்தார்களோ! எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்த இன்னொரு நண்பர் சொன்னார்: "சிஸ்டர், ரொம்ப தேங்க்ஸ். நீங்க சொல்றப்ப எல்லாம் நானும் அடிக்கிறேன். கரெக்டா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அடுத்த வளைவைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது சுவர் முன்னால் நின்றது. சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோய், வாயில் வந்தது வெளியே விழுந்தது.

"டேய், பிடிடா!"

என் தம்பியை அதட்டுகிற குரல் அது. முழுப் பலத்தோடு மிதித்துவிட்டேன். அவர் பிடித்தார். கார் சுவரை உரசிக்கொண்டு திரும்பியது. ஸ்பீக்கரில் ஒரே கூச்சல், விசில். எனக்குக் காது சுட்டது. மானிட்டருக்கு அடியில் அந்த முழங்கால்கள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"சிரிக்காதீங்க! பலகை ஆடுது!"

"நீ ஓட்டு, நீ ஓட்டு" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம். கடைசி ஆளுக்கு அவர் வீட்டில் கரண்ட் போய்விட்டதாம்.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். தரையிலேயே படுத்துவிட்டார். உள்ளங்காலில் போல்ட் தலைகள் வட்டவட்டமாகப் பதிந்திருந்தன. தைலம் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். கூச்சம் தாங்காமல் காலை இழுத்து இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்ல. நல்லா ஓட்டுன" என்றார். பிறகு, "கீழ உக்காந்திருக்கப்ப ஒண்ணு பாத்தேன்" என்றார்.

"என்ன?"

"சீட்டோட அடி. நாலு ஓட்டை இருக்கு. அதுல தண்டவாளம் மாட்டலாம், நெஜக் கார்ல சீட்டு முன்ன பின்ன போகுமே, அந்த மாதிரி. பெடலை ஒரே எடத்துல அடிச்சு இறுக்கிரலாம். பெடல் நம்மகிட்ட வர வேணாம், நாம பெடல்கிட்ட போலாம்."

"இது ஏன் முதல்லயே தோணல?"

"மேலேர்ந்தேதானே பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஜே.சி. ரோடு போனோம். கார் சீட், கார் மேட், ஹாரன், விளக்கு என்று வரிசையாகக் கடைகள். ஒன்றில் நுழைந்து சீட் தண்டவாளம் வேண்டும் என்றார். கடைக்காரர் கன்னடத்தில் எந்த வண்டி என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். "என்ன கேக்குறாரு?" என்று நான் கேட்டதும் கடைக்காரர் தமிழுக்கு மாறி அதையே கேட்டார்.

"வண்டி இல்லங்க" என்றேன்.

"சர்வீஸ்ல விட்டிருக்கீங்களா?"

"இல்ல, வண்டியே இல்ல. சீட்டு மட்டும் இருக்கு."

"சீட்டு எங்க இருக்கு?"

"வீட்ல. உள் ரூம்ல."

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் ஃபோனில் படத்தைக் காட்டினார். அந்த மனிதர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஹேர்பேண்ட் சுற்றிய கம்பிக்கூட்டையும் பார்த்தார், ஒட்டியிருந்த பொட்டுகளைச் சுட்டிக்காட்டி, "பூஜை போட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் தலையாட்டிவைத்தேன். உள்ளே போய் ஒரு ஜோடித் தண்டவாளம் எடுத்துவந்தார். கிரீஸ் போட்டுக் கொடுத்தார். வேகமாகப் போகாதீங்க என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது தண்டவாளங்களை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவை தாமாக நீண்டு அவர் முதுகில் குத்தின. ஒவ்வொரு தடவையும் அவர் "ஆ" என்றார். நான் உள்ளே தள்ளினேன். வில்சன் கார்டன் தாண்டுவதற்குள் என் சேலையெல்லாம் கிரீஸ்.

சாயங்காலமே மாட்டினோம். பெடல் பலகைக்குப் பழைய போல்ட்டுகளையே, வாஷர் போட்டு, இரண்டு பேர் பலத்தோடு முடுக்கினோம். நான் டார்ச் அடித்துக் கோடுகளைப் பார்த்தேன். எல்லாம் குறுக்கே நின்றன. சீட்டைத் தண்டவாளத்தில் உட்காரவைத்ததும் அவர் கீழே இருந்த கம்பியைத் தூக்கித் தள்ளினார். சீட் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார். சின்னப் பிள்ளை புதுப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவது போல அதையே செய்துகொண்டிருந்தார்.

"யார் மொதல்ல?" என்றார்.

நான் ஏற்கெனவே ஏறிவிட்டேன். அவர் இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கச் சமையலறைக்குப் போனார். நேர்ச் சாலையில் முழு வேகம் பிடித்து, அந்த வளைவில் எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் போட்டு மிதித்தேன். பெடல் மலை மாதிரி நின்றது. கார் அழகாகத் திரும்பியது.

"நின்னுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நின்னுச்சு" என்றேன். "வெங்காயத்தைப் பொடிசா வெட்டுங்க."